வரைந்த திட்டமும் வாய்த்த கால்களும்

ஆட்டத் திட்டங்களின் கதை – 7

சென்ற இதழில் டெக்சாஸ் பல்கலைக்கழக அணியை 1968 ஆம் ஆண்டின் நடுவழியில் விட்டுவிட்டு வந்தோம். அமெரிக்கர் ‘ஃபுட்போல்’ என்பது நம் உதைபந்தாட்டம் அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம் என்பது வாசகர்களுக்கு இதற்குள் பழகியிருக்கும். அந்த வருடம் தலைமைப் பயிற்றுநர் டரல் ரோயலிடம் நல்ல ஓட்டக்காரர்கள் பலர் இருந்தார்கள். அவர்களை ஒரே நேரத்தில் களத்தில் நிறுத்திப் பயன்படுத்த ஒரு வழி வேண்டும் என்று உதவிப் பயிற்றுநர் எமரி பெலர்டிடம் சொன்னார். பெலர்ட் கொண்டுவந்ததுதான் ‘விஷ்போன்’ வியூகம். ‘ஒப்ஷன்’ என்று அழைக்கப்படும் ஆட்ட முறையின் மிகப் புகழ்பெற்ற வடிவம் அது.

அதன் சூட்சுமம் இது. எதிரணித் தடுப்பாளர் ஒருவரை வேண்டுமென்றே யாரும் மறிக்காமல் விட்டுவிடுவார்கள். பந்தை வைத்திருக்கும் குவார்ட்டர்பேக் அவரை மட்டும் பார்ப்பார். அவர் அசையாமல் நின்றால், நடுவால் பாயும் ஃபுல்பேக்கின் கையில் பந்து போகும். ஃபுல்பேக்கைப் பிடிக்க அவர் உள்ளே வந்தால், குவார்ட்டர்பேக் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார். அங்கே இன்னொருவர் மறிக்க வந்தால், பக்கத்தில் ஓடிவரும் தோழருக்குப் பந்தை எறிவார். தடுப்பாளர் எதைச் செய்தாலும் அது பிழையாக வேண்டும். இந்த மூன்று வழிகளில் ஒன்றைத் தெரிவு செய்ய ஒரு விநாடிகூடக் கிடைக்காது.

கடதாசியில் இது தோற்க முடியாத திட்டம். களத்தில் முதல் ஆட்டத்தில் ஹூஸ்டனோடு 20–20 என்று சமநிலை; இரண்டாவது ஆட்டத்தில் டெக்சாஸ் டெக் அணியிடம் 22–31 என்று தோல்வி. அதன்பிறகு இரண்டு காரியங்கள் நடந்தன. ஃபுல்பேக் சற்றுப் பின்னால் தள்ளி நிறுத்தப்பட்டார். அதனால் குவார்ட்டர்பேக் மூச்சுவிட அவகாசம் கிடைத்தது. பெயர் பெற்ற குவார்ட்டர்பேக் பில் பிராட்லியின் இடத்துக்கு ஜேம்ஸ் ஸ்ட்ரீட் வந்தார். பிராட்லி திறமை குறைந்தவரல்லர். தடுப்பு வரிசைக்குப் போய், பின்னர் தொழில்முறை ஆட்டத்திலும் புகழடைந்தவர். ஆனால் அந்த ஒரு விநாடி முடிவு ஸ்ட்ரீட்டுக்குக் கைவந்தது. டெக்சாஸ் தொடர்ந்து 30 ஆட்டங்களை வென்றது.

அடுத்து ஒக்லஹோமா பல்கலைக்கழகம் அதே வியூகத்தை எடுத்துக்கொண்டது. 1971 இல் ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 472.4 யார் தூரம் ஓடிச் சாதனை படைத்தது. அந்த வருடம் டெக்சாஸையே 48–27 என்று வீழ்த்தவும் செய்தது. மருதமுனைத் தறிகளில் இரண்டு பேர் ஒரே மாதிரியை வைத்து நெய்தாலும் எது யார் கைப்பட்டது என்று தெரிந்தவருக்குத் தெரியும். ஒக்லஹோமாவின் கை வேகம் கூடிய கை.

திட்டமா, திறமையா, பழக்கமா, எது ஒரு தாக்குதலை உருவாக்குகிறது? இதற்கான விடையைத் தேடி அமெரிக்காவில் நிற்கத் தேவையில்லை. நமக்குப் பக்கத்திலேயே, நமது ஆட்டத்திலேயே, அந்த மூன்றையும் ஒரு கையில் பிடித்திருந்த ஒருவர் இருந்தார். அவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

காச்சிகுடாவின் ஆசிரியர்

சையத் அப்துல் ரஹீம் 1909 ஓகஸ்ட் 17 இல் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அதன் உதைபந்தாட்ட அணியில் ஆடினார். பட்டம் பெற்றபின் காச்சிகுடா நடுநிலைப் பள்ளி முதல் சாதர்காட் உயர்நிலைப் பள்ளி வரை பல இடங்களில் கற்பித்தார். உடற்கல்விப் பயிற்சியும் முடித்தார். ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளராகி, சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஊரார் அவரை ‘ரஹீம் சாஹிப்’ என்றார்கள். கல்முனையில் பிறந்திருந்தால் ‘ரஹீம் ஸேர்’ என்றிருப்போம்.

1950 இல் அவர் ஹைதராபாத் சிட்டி பொலிஸ் அணியைப் பொறுப்பேற்றார். அன்று இந்திய உதைபந்தாட்டம் என்றால் கல்கத்தா. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெயர்களுக்கு வெளியே யாரையும் ஆளாக மதிப்பதில்லை. அந்தக் காலத்தில் பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்தை 1950 முதல் 1954 வரை ஐந்து வருடமும் தொடர்ச்சியாக இந்தப் பொலிஸ்காரர்கள் தூக்கினார்கள். 1950 இல் டெல்லியின் டுரண்ட் கிண்ணமும் மோகன் பகானைத் தாண்டி அவர்களுக்கு வந்தது.

இந்த வெற்றிகளின் வேர் ரஹீம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வைத்த போட்டிகளில் இருக்கிறது. அவற்றில் இரண்டு விசித்திரமானவை. ஒன்றில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு எதிராளியை வெட்டி ஓடக் கூடாது. வந்த பந்தை உடனே தோழருக்குத் தட்டிவிட வேண்டும். மற்றதில் பழகாத காலால் மட்டுமே ஆட வேண்டும். வலது காலால் ஆடுபவர் இடது காலாலும், இடது காலால் ஆடுபவர் வலது காலாலும்.

முதல் போட்டி பிள்ளையின் காலைக் கட்டிப்போட்டுக் கண்ணைத் திறந்துவிட்டது. வெட்டி ஓடத் தடை என்றால் பந்து காலுக்கு வந்து சேருமுன்பே அடுத்தது யாருக்கு என்று தீர்மானித்திருக்க வேண்டும். யார் எங்கே நிற்கிறார், எந்த இடம் காலியாகிறது என்று தலையைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். டெக்சாஸில் குவார்ட்டர்பேக் ஒருவரிடம் எதிர்பார்த்ததை ரஹீம் பதினொரு பேரிடமும் எதிர்பார்த்தார். இரண்டாவது போட்டி, எடுத்த தீர்மானத்தை எந்தக் காலாலும் நிறைவேற்றும் வல்லமையைத் தந்தது. வலது காலுக்குப் பந்தை மாற்றிக்கொள்ள ஒருவர் எடுக்கும் அந்தச் சிறு அவகாசத்தில் தடுப்பாளர் வந்துவிடுவார். ரஹீமின் பிள்ளைகளுக்கு அந்த அவகாசம் தேவைப்படவில்லை.

ஆளைக் கண்டுபிடிக்கும் கண்ணும் அவருக்கு இருந்தது. செகந்தராபாத் அருகே அம்முகுடா கிராமத்தில் துளசிதாஸ் பலராம் என்ற ஏழை இளைஞனின் ஆட்டத்தைப் பார்த்து, பயிற்சிக்கு வரச் சொன்னார். வந்துபோகக் காசில்லை என்று தெரிந்ததும் வாடகைச் சைக்கிளுக்குத் தானே காசு கொடுத்தார் என்று பலராம் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்ததுண்டு. ஆசியாவின் தலைசிறந்த முன்வரிசை வீரர்களில் ஒருவராக அவர் வளர்ந்தார்.

பத்துக்கு ஒன்று

இந்திய தேசிய அணியோடு ரஹீமின் கணக்கு வெற்றியில்தான் தொடங்கியது. 1951 இல் புதுடெல்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியில் மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வென்று இந்தியா தங்கம் பெற்றது. அடுத்த வருடம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1–10 என்று தோற்றது. இந்திய வீரர் பலர் அன்று வெறுங்காலோடு ஆடினார்கள். பின்லாந்தின் குளிரிலும் ஈரப் புல்லிலும் வெறுங்கால் எடுபடவில்லை. அதன்பிறகு சப்பாத்து கட்டாயமாக்கப்பட்டது.

அதே 1952 இல் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகளும் மோதும் கொழும்புக் கிண்ணம் நமது தலைநகரில் தொடங்கியது. முதல் முறை இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. ரங்கூன், கல்கத்தா, டாக்கா என்று அடுத்து நடந்த மூன்றிலும் இந்தியாவே வென்றது. கொழும்பில் பிறந்த கிண்ணம் ஒரு தடவைகூட இலங்கைக்குக் கிடைக்கவில்லை என்பது நாம் மறக்க விரும்பும் செய்தி.

ஹெல்சிங்கிக்குப் பின் ரஹீம் திட்டத்தின் பக்கம் திரும்பினார். 1953 நவம்பரில் ஹங்கேரி இலண்டன் வெம்பிளியில் இங்கிலாந்தை 6–3 என்று வென்று உலகை அதிரவைத்தது. நடு முன்வரிசை வீரரான ஹிடெகுட்டி கோல் வாசலில் நிற்காமல் பின்னால் இறங்கி ஆடினார். அவரைத் தொடர்ந்து வருவதா, தன் இடத்திலேயே நிற்பதா என்று இங்கிலாந்தின் நடுத் தடுப்பாளருக்குப் புரியவில்லை. தொடர்ந்து வந்தால் பின்னால் வெளி விழும். நின்றால் ஹிடெகுட்டி தனியே பந்தோடு திரும்புவார். டெக்சாஸ் எதிரணித் தடுப்பாளருக்கு விரித்த அதே பொறி, பதினைந்து வருடங்களுக்கு முன்பே, வட்டப் பந்தில். ஐம்பதுகளில் ரஹீமும் தன் அணியில் ஒரு முன்வரிசை வீரரைப் பின்னுக்கு இழுத்து இந்த முறையைக் கையாண்டார். இடம் மாறும் வீரரைப் பார்க்காமலே அவர் விட்டுப்போன வெளிக்குப் பந்தைத் தள்ளும் தோழர்கள் இருந்தால்தான் இது பலிக்கும். காச்சிகுடாவில் விதைத்தது இங்கே விளைந்தது.

1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் முதற்சுற்று எதிராளியான ஹங்கேரி வரவில்லை. காலிறுதியில் போட்டியை நடத்திய அவுஸ்திரேலியாவை இந்தியா 4–2 என்று வென்றது. நெவில் டி சூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஆசியர் ஒருவர் மூன்று கோல் அடித்தது அதுவே முதல் தடவை. அரையிறுதியில் மறுபடியும் யூகோஸ்லாவியா. நான்கு வருடத்துக்கு முன் பத்து கோல் போட்டவர்களுக்கு எதிராக இடைவேளைவரை கோல் எதுவும் விழவில்லை. பின்பாதியில் நெவிலே முதல் கோலை அடித்து இந்தியாவை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். அதன்பிறகு நான்கு கோல்கள் வாங்கி 1–4 என்று தோற்றார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0–3. நான்காம் இடம். இந்தியா ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் அதற்குமேல் இன்றுவரை போனதில்லை.

1960 றோம் ஒலிம்பிக்கில் கடினமான குழு. ஹங்கேரியிடம் 1–2 தோல்வி, பிரான்ஸோடு 1–1 சமநிலை, பெருவிடம் 1–3 தோல்வி. இந்தியா அடித்த மூன்று கோல்களில் இரண்டை அடித்தவர் சைக்கிள் காசு வாங்கி வந்த பலராம். முடிவுகள் தோல்விதான். ஆனால் ஐரோப்பாவின் முன்னணி அணிகளோடு மல்லுக்கு நிற்கும் கூட்டம் ஒன்று தயாராகிவிட்டது என்று பார்த்தவர்களுக்குப் புரிந்தது.

ஜகார்த்தா, 1962

அந்தக் கூட்டத்தின் முகங்களைப் பாருங்கள். வலது ஓரத்தில் பீ.கே. பானர்ஜி, வேகமும் பலமான அடியும். உள்ளே அணித் தலைவர் சுனி கோஸ்வாமி. பந்து அவர் காலோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொரு பக்கம் பலராம். நடுவில் ஃபிராங்கோவும் பிரசாந்த சின்ஹாவும். பின்னால் மலைபோல் ஜர்னைல் சிங், அவருக்குத் துணையாக அருண் கோஷ். கோல் வாசலில் ஹைதராபாத் தமிழர் பீட்டர் தங்கராஜ். மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தபோது முன்வரிசையில் ஆடியவர் அவர். கோல்காப்பாளராக மாறியபிறகுதான் தன் இடத்தைக் கண்டடைந்தார். அருமைநாயகம், எத்திராஜ் என்று வேறு தமிழ்ப் பெயர்களும் அந்த அணியில் உண்டு.

இத்தனை திறமை இருந்தும் ஆசிய விளையாட்டுப் போட்டியின் முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0–2 தோல்வி. தாய்லாந்தை 4–1 என்று வென்ற ஆட்டத்தில் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2–0 என்று வென்று அரையிறுதிக்கு வந்தபோது ரஹீமின் முன் ஒரு சிக்கல்: தடுப்பு வரிசையின் தூண் தலையில் கட்டோடு நிற்கிறார். பின்வரிசையில் ஒரு தவறு செய்தால் கோல் விழும். அதற்காக அவரை வெளியே இருத்தவும் மனமில்லை.

ரஹீம் அவரை முன்வரிசை நடுவில் நிறுத்தினார். பஞ்சாபில் கல்லூரி நாட்களில் ஜர்னைல் முன்வரிசையில் ஆடியவர் என்பது ரஹீமின் நினைவில் இருந்தது. ஆறடி உயரமும் முரட்டு உடலும் எதிரணித் தடுப்பாளர் இருவரைத் தன்பக்கம் இழுக்கும், சுனிக்கும் பீ.கே.வுக்கும் பலராமுக்கும் வெளி கிடைக்கும். பின்னால் ஜர்னைலின் இடத்தை அருண் கோஷ் பார்த்துக்கொள்வார். தென் வியட்நாமோடு அரையிறுதி 3–2 என்று இந்தியாவுக்கு வந்தது.

அந்த வாரம் ஜகார்த்தாவே இந்தியர்மேல் கொதித்துக்கொண்டிருந்தது. இஸ்ரேலுக்கும் தாய்வானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜீ.டி. சோந்தி கண்டித்திருந்தார். ஆத்திரமடைந்த கூட்டம் இந்தியத் தூதரகத்துக்குள்ளேயே புகுந்தது. செப்டெம்பர் 4 இல் செனாயன் மைதானத்தில் தென் கொரியாவோடு இறுதியாட்டம். அரங்கம் நிறைந்த கூச்சல், முழுக்க இந்தியாவுக்கு எதிராக. காய்ச்சலால் முந்திய ஆட்டங்களில் இல்லாத தங்கராஜ் அன்று கோல் வாசலுக்குத் திரும்பினார். பின்வரிசையில் திரிலோக் சிங் காலில் காயத்தோடு இறங்கினார். முன்னால் தலையில் தையலோடு ஜர்னைல். பக்கத்தில் பயிற்றுநர் நுரையீரல் புற்றுநோயோடு இருந்தார்.

17 ஆவது நிமிடத்தில் பீ.கே. பானர்ஜி கோல் அடித்தார். மூன்று நிமிடம் கழித்து இரண்டாவது கோல், ஜர்னைல் சிங். எதிரியைத் தன்மேல் இழுக்க நிறுத்தியவரே அடித்த கோல் அது. கொரியாவின் தடுப்பாளர்கள் அவரைப் பிடித்தால் மற்ற மூவர். மற்ற மூவரைப் பிடித்தால் அவர். 85 ஆவது நிமிடத்தில் கொரியா ஒரு கோலைத் திருப்பியது. ஐந்து நிமிடங்கள் பல்லைக் கடித்து நின்றார்கள். இந்தியா 2, தென் கொரியா 1. ஆசிய விளையாட்டுப் போட்டி உதைபந்தாட்டத்தில் இந்தியா வென்ற கடைசித் தங்கம் அதுதான்.

மிஞ்சியது என்ன?

ஒன்பது மாதங்களில், 1963 ஜூன் 11 இல், ரஹீம் மௌத்தானார். வீரர்கள் இருந்தார்கள், அவர் வரைந்த வியூகமும் அவர்கள் தலையில் இருந்தது. அந்த வேகத்தில் 1964 ஆசியக் கிண்ணத்தில் இரண்டாமிடம் வந்தது. 1970 ஆசிய விளையாட்டில் ஒரு வெண்கலம். ஆனால் 1960க்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் உதைபந்தாட்டத்துக்குத் தகுதி பெறவேயில்லை. 2024 இல் அஜய் தேவ்கன் நடித்த ‘மைதான்’ படம் வந்தபோதுதான் இந்தியாவிலேயே பலருக்கு ரஹீம் என்ற பெயர் தெரிந்தது.

பிரேசில் 1958 உலகக் கிண்ணத்தில் காட்டிய 4–2–4 வியூகத்தை ரஹீம் அதற்கு முன்பே ஆடினார் என்று பெருமைப்படுவோர் உண்டு. அந்த வழக்கு எப்படித் தீர்ந்தாலும் அவருடைய இடம் அதில் இல்லை என்பதே என் கட்சி. வியூகத்தை யாரும் பார்த்து எழுதிக்கொள்ளலாம். ஒக்லஹோமா டெக்சாஸிடமிருந்து எடுத்துக்கொண்டதுபோல. திறமையும் ஊருக்கு ஊர் பிறக்கிறது; அம்முகுடாவில் பிறந்தது அக்கரைப்பற்றில் பிறக்காமல் போகாது. இரண்டையும் இணைக்கும் பழக்கத்தைத்தான் கடன் வாங்க முடியாது. வெட்டி ஓடத் தடை, பழகாத காலால் ஆட்டம் என்று சிறுவயதிலேயே கண்ணையும் காலையும் பழக்கிய அந்தப் போட்டிகளை ரஹீமுக்குப் பின் யாரும் அதே பிடிவாதத்தோடு தொடரவில்லை. ஊற்று நின்றது, இருந்த தண்ணீர் சில வருடம் போதுமாயிருந்தது.

நமது பக்கத்தைப் பாருங்கள். மருதமுனையிலிருந்து நிந்தவூர்வரை கடற்கரை மணலில் அஸருக்குப் பிறகு பந்து உருளாத நாள் இல்லை. கல்முனை சந்தாங்கேணி மைதானத்தில் மஃரிப் பாங்கு கேட்கும்வரை பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் கிண்ணம், பணப்பரிசு, மின்னொளிச் சுற்று என்று கழகங்கள் செலவழிக்கின்றன. எல்லாமே வளர்ந்தவர்களுக்கு, எல்லாமே வெற்றிக்கு. கழக நிர்வாகிகளுக்கும் பாடசாலை உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த விடுமுறையில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு ஒரு போட்டி வையுங்கள். பந்தை வெட்டி ஓடக் கூடாது, பழகாத காலால்தான் அடிக்க வேண்டும். இதற்குப் புல்தரையோ வெளிநாட்டுப் பயிற்றுநரோ தேவையில்லை. ஒரு பந்தும், விசிலோடு ஒரு ஸேரும் போதும்.

அடுத்த இதழில்: 1995 இல் கொழும்பு சுகததாச அரங்கில் இலங்கை இந்தியாவை வீழ்த்தி தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை வென்ற கதை.

(தொடரும்)